ஸ்பீல்பெர்க், ஸ்கோர்செஸி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் சிலர் மாதம் ஒரு படம் பார்த்துப் பேசுவது வழக்கம். இம்முறை பேச்சு, இன்று உயிரோடிருக்கும் அமெரிக்க இயக்குநர்களில் யார் முதன்மையானவர் என்பதில் போய் நின்றது. என் கட்சி ஸ்கோர்செஸி. ‘ரேஜிங் புல்’ எடுத்தவருக்கு நிகராக யாரைச் சொல்ல? இளையவர்கள் நோலன் என்றார்கள். ஒரே ஒருவர் ஸ்பீல்பெர்க் என்றார், சிரித்துவிட்டோம். சுறா, டைனோசர் என்று குழந்தைகளுக்குப் படமெடுத்து வசூல் பார்த்தவர் அல்லவா? ‘சேவிங் பிரைவேட் ரயன்’கூட கேமரா வித்தைதான் என்பது என் எண்ணம். அதைப் பார்த்து எங்களில் ஒருவர் தன் குறும்படத்தில் இரவுத் துரத்தல் ஒன்றை ஷட்டரைக் குறைத்து எடுத்தார். படம் இருட்டடித்து, தெருவிளக்குகள் துடித்து, பார்க்கவே முடியவில்லை. இந்த ஒப்பீட்டை எதை அளவுகோலாக வைத்துச் செய்வது? செய்யவே கூடாதா?

கே., ஈரோடு

அன்புள்ள கே,

தாராளமாகச் செய்யலாம். ஒருவரை மேலே வைக்கக் காரணம் தேடும்போதுதான் படத்தை உற்றுப் பார்க்கிறோம். என் பதில் நீங்கள் சிரித்த பெயர்தான்.

இயக்குநரின் வேலை என்று நான் கருதுவது இவ்வளவுதான்: நடிகர் எங்கே நிற்க வேண்டும், கேமரா எங்கே நிற்க வேண்டும், எப்போது வெட்ட வேண்டும். இதைப் பிரம்மாண்டமான காட்சியில் அளக்க முடியாது. அங்கே சண்டை அமைப்பாளரும் வரைகலைக் குழுவும் சேர்ந்து தாங்குகிறார்கள். நாலு பேர் நின்று பேசும் சாதாரணக் காட்சியில் அளக்க வேண்டும்.

‘ஜாஸ்’ (1975) படத்தில் ஒரு படகுக் காட்சி உண்டு. கடலில் ஒரு பெண் இறந்துவிட்டாள், சுறா கடித்திருக்கிறது. போலீஸ் தலைவர் பிராடி கடற்கரையை மூட நினைக்கிறார். அவர் ஏறிய படகில் மேயரும் ஊர்ப் பெரியவர்களும் காரோடு வந்து ஏறுகிறார்கள். அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 விடுமுறைக் கூட்டத்தை நம்பிப் பிழைக்கும் ஊர் அது. சுறா என்று முன்பு சொன்ன மருத்துவர் இப்போது படகின் சுழல்விசிறி வெட்டியதாக இருக்கலாம் என்கிறார்.

இதை வழக்கமாக எப்படி எடுப்பார்கள்? எல்லோரும் தெரிகிற ஒரு அகல ஷாட். அப்புறம் ஒவ்வொருவர் தோளுக்கு மேலாக ஒன்று, ஒவ்வொருவருக்கும் ஒரு குளோசப். நகரும் படகில் அப்படி எடுத்தால் ஒரு ஷாட்டில் முகத்துக்குப் பின்னால் கரை இருக்கும், அடுத்ததில் வெறும் கடல் இருக்கும், வெயிலும் திசை மாறியிருக்கும். எடிட்டிங்கில் ஒட்டாது. ஸ்பீல்பெர்க் ஒன்றரை நிமிடத்துக்கும் மேலாக வெட்டாமல் ஒரே ஷாட்டில் முடிக்கிறார். கேமரா அசையவில்லை, ஆட்கள்தான் அசைகிறார்கள். தூரத்தில் காரிலிருந்து இறங்குகிறவர்கள் கேமராவை நோக்கி நடந்து வருகிறார்கள். வர வர முகங்கள் பெரிதாகின்றன. அகல ஷாட் தானாகவே நெருங்கிய ஷாட்டாக மாறிவிடுகிறது. பிராடியைச் சுற்றி ஆட்கள் நெருங்க, அவருக்கு நகர இடமில்லாமல் போகிறது. பின்னால் கரை விலகிப் போய்க்கொண்டே இருக்கிறது. ஊர் கூடி ஒரு மனிதனை வளைப்பதை வசனம் சொல்லவில்லை, நிற்கும் இடம் சொல்கிறது. ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள், யார் தோற்றார் என்பது தெளிவாகத் தெரியும். அப்போது ஸ்பீல்பெர்க்குக்கு வயது 30கூட ஆகவில்லை.

அதே படத்தின் கடற்கரைக் காட்சியையும் பாருங்கள். பிராடி மணலில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்கிறார். குளிக்க வந்தவர்கள் கேமராவுக்கு முன்னால் குறுக்கே நடக்கிறார்கள். ஒருவர் உடல் திரையை மறைக்கும் கணத்தில் வெட்டு விழுகிறது, மறைப்பு விலகும்போது பிராடியின் முகம் முன்பைவிட அருகில் இருக்கிறது. வெட்டியதே தெரியாமல் நாம் அவர் பதற்றத்துக்குள் போய்விடுகிறோம். பிறகு சுறா தாக்கும்போது அந்தப் புகழ்பெற்ற ஷாட்: கேமரா வைத்த வண்டியான டிராலி முன்னே போகிறது, அதே வேகத்தில் ஜூம் பின்னே வருகிறது. முகம் அதே அளவில் நிற்க, பின்னணி மட்டும் இழுபடுகிறது. இதைக் குறும்படங்களில் செய்து பார்ப்பவர்கள் இரண்டு இடத்தில் தவறுகிறார்கள். டிராலியின் வேகமும் ஜூமின் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் முகம் ஊதிச் சுருங்கும். பின்னால் ஆழம் இல்லாமல் வெறும் சுவர் இருந்தால் ஒன்றும் நடந்ததாகவே தெரியாது.

அந்தப் படத்தின் இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் ஓயாமல் பழுதானது. 55 நாள் என்று திட்டமிட்ட படப்பிடிப்பு 159 நாள் ஆனது. சுறா இல்லாத நாட்களில் நீர்மட்டத்தில் வைத்த கேமராவும் மிதக்கும் மஞ்சள் பீப்பாய்களும் சுறாவாக நடித்தன. கையில் இருப்பதை வைத்துக் காட்சியை மறுபடி யோசிக்கிற இந்தத் திறனுக்கு வசூலோடு சம்பந்தமில்லை.

இனி உங்கள் நண்பரின் குறும்படம். ஷட்டர் என்பது ஃபிலிமில் வெளிச்சம் விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் சுழல் தகடு. திரைப்பட கேமராவில் அதன் திறப்பு வழக்கமாக 180 டிகிரி. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும்போது ஒவ்வொரு ஃபிரேமிலும் 1/48 நொடி வெளிச்சம் விழும். ‘ரயன்’ படத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் கரையிறங்கும் ஒமாஹா கடற்கரைக் காட்சியில் ஸ்பீல்பெர்க்கும் ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கியும் அதை 90, 45 டிகிரிக்குக் குறைத்தார்கள். 45 டிகிரி என்றால் 1/192 நொடி. அசைவின் மங்கல் போய்விடும், வெடித்துப் பறக்கும் மண் துகள் துகளாகத் தெரியும். ஆனால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும், அதாவது இரண்டு ஸ்டாப் இழப்பு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). அவர்கள் எடுத்தது பகலில், திறந்த கடற்கரையில். உங்கள் நண்பர் எடுத்தது இரவில். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், தெருவிளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் 1/50, 1/100 என்று இருந்தால் துடிப்பு தெரியாது. அதைவிடக் குறைந்தால் சில ஃபிரேம் பிரகாசமாகவும் சில இருட்டாகவும் விழும். அடுத்தமுறை பகலில் எடுக்கச் சொல்லுங்கள்.

வித்தை என்றீர்கள். ஷட்டரை யார் வேண்டுமானாலும் குறைக்கலாம். கேமராவைப் பெரும்பாலும் மணலில் கிடக்கும் சிப்பாயின் உயரத்தை விட்டு எழவிடாமல் வைத்ததும், கேப்டனுக்குக் காது அடைக்கும்போது நமக்கும் போரின் ஓசையை அடைத்ததும்தான் இயக்கம்.

ஸ்கோர்செஸியை நான் குறைத்து மதிப்பதாக நினைக்க வேண்டாம். ‘ரேஜிங் புல்’ (1980) படத்தில் குத்துச்சண்டை மேடையின் அளவையே சண்டைக்குச் சண்டை மாற்றினார். கதைநாயகனான குத்துச்சண்டை வீரர் ஜேக் லமோட்டாவின் மனம் எப்படியோ அப்படி மேடை விரிந்தது, குறுகியது. ஆனால் அவர் சினிமா பிறப்பது அதிகமும் எடிட்டிங் மேஜையில். அந்தப் படத்திலிருந்து அவர் கதைப்படங்களைத் தொகுத்துவரும் தெல்மா ஸ்கூன்மேக்கர் மூன்று ஆஸ்கர் பெற்றவர். அது குறையல்ல, வேறொரு பாதை. இன்னொரு வகையில் அவர் எல்லோருக்கும் மேலே. 1990-ல் அவர் தொடங்கிய ஃபிலிம் ஃபவுண்டேஷனும், பிறகு உலக சினிமாவுக்காகத் தொடங்கிய அமைப்பும் மீட்டெடுத்த படங்கள் ஏராளம். நம் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் நடனக் கலைஞர் உதயசங்கர் எடுத்த ‘கல்பனா’ (1948) அவற்றில் ஒன்று, 2012-ல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. கேள்வி ‘சினிமாவுக்கு அதிகம் செய்தவர் யார்’ என்றிருந்தால் யோசிக்காமல் அவர் பெயரைச் சொல்லியிருப்பேன்.

ஸ்பீல்பெர்க்கின் பெரிய குறை, முடிக்கத் தெரியாமை. ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ (1993) முழுக்க மனதைக் காட்டிக்கொள்ளாமல் நகரும் மனிதரை, கடைசியில் இன்னும் சிலரைக் காப்பாற்றியிருக்கலாமே என்று கதறவைக்கிறார். அதுவரை நம்மை நம்பியவர் அந்த இடத்தில் நம்பாமல் விட்டுவிட்டார். ‘ரயன்’ படத்தின் கல்லறைக் காட்சிகளும் அப்படித்தான். இந்தக் குறையோடு சேர்த்துத்தான் அவரை முதலில் வைக்கிறேன்.

நோலன் லண்டனில் பிறந்தவர், இரு நாட்டுக் குடியுரிமையும் உண்டு, பட்டியலில் சேர்க்கலாம். காலத்தை அடுக்குவதில் தேர்ந்தவர். ஆனால் பேசும் காட்சிகளைப் படகுக் காட்சியோடு வைத்துப் பாருங்கள். முகம் மாற்றி முகம் வெட்டிப் போவதே அதிகம்.

உங்கள் குழுவில் யாரும் சொல்லாத ஒரு பெயரும் இருக்கிறது, சார்லஸ் பர்னெட். ‘கில்லர் ஆஃப் ஷீப்’ அவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் வார இறுதிகளில் 16 எம்.எம்.மில் எடுத்த படம். செலவு 10,000 டாலருக்கும் குறைவு. படத்தில் வரும் பாடல்களுக்கு உரிமை வாங்கப் பணமில்லாததால் 2007 வரை திரையரங்குக்கு முறையாக வரவில்லை. அதில் சிறுவர்கள் ஒரு கட்டடத்தின் கூரையிலிருந்து அடுத்த கூரைக்குத் தாவுகிறார்கள். கேமரா கீழே, சந்தில் இருக்கிறது. தலைக்கு மேலே ஒருவன் பின் ஒருவனாக வானத்தைக் கடக்கிறார்கள். அடுத்த மாதம் அதைப் போடுங்கள்.