செம்பனைப் பூவில் மொய்க்கும் வண்டு

கேள்வி: எங்கள் தோட்டத்துச் செம்பனையின் ஆண் பூக்களில் சிறு கருவண்டுகள் கூட்டமாக மொய்க்கின்றன. மருந்து தெளிக்கலாமா? – வாசகி, குளுவாங்

பதில்: தெளித்துவிடாதீர்கள். கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்டு, 1981-இல் உங்கள் குளுவாங் வட்டாரத்திலேயே முதலில் விடப்பட்ட மகரந்தச் சேர்க்கை வண்டுகளின் வழித்தோன்றல்கள் அவை. அதற்கு முன் பல தோட்டங்களில் தொழிலாளர்களே பூப்பூவாகப் போய் மகரந்தம் தூவினார்கள். ஆண் பூவின் மகரந்தக் காம்புகளைத் தின்று, பூ வாடும்போது அதிலேயே முட்டையிட்டு, புழுப்பருவத்தையும் அங்கேயே கழிக்கும் இவ்வண்டுகள், பெண் பூவும் அதே சோம்பு மணத்தை வீசுவதால் ஏமாந்து அங்கே சென்று, உடலில் ஒட்டிய மகரந்தத்தை உதிர்த்துவிடுகின்றன. ஏமாற்று வேலைதான், ஆனால் குலையில் காய் பிடிப்பது அதனால்தான். குருத்தைத் துளைத்து ஓலையைச் சிதைக்கும் காண்டாமிருக வண்டு வேறு. அதன் புழுக்கள் மட்கிய மரத்தண்டுகளில் வளர்கின்றன.