உள்ளூர் ஓவியர் ஒருவரை ஆதரிக்க விரும்புகிறேன். லைக், ஷேர் தவிர நான் என்ன செய்ய முடியும்?

இப்படிக் கேட்கத் தோன்றியதற்கே முதலில் நன்றி. வீட்டில் ஒரு சுவர் காலியாக இருக்கிறது, தெரிந்த ஓவியர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் எப்படிப் பேச்செடுப்பது என்ற தயக்கமும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முறையாக ஒரு ஆர்டர் கொடுங்கள். அளவு, கெடு, முன்பணம், உரிமை நான்கையும் எழுதி வைத்துக்கொண்டு, படம் காயும்வரை பொறுத்திருங்கள். இப்படி வருகிற ஒருவரால்தான் ஓவியர் அடுத்த மாதமும் தூரிகையைக் கையில் எடுக்கிறார். கலையை வியாபாரமாக்காதீர்கள் என்று கீழே யாராவது கருத்து எழுதலாம். கேன்வாஸையும் வண்ணத்தையும் ஓவியர் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார். அவரிடம் விலை பேசுவதில் கலைக்கு எந்த இழுக்கும் இல்லை.

அளவை முதலில் முடிவு செய்யுங்கள். செய்தித்தாளை அந்த அளவுக்கு வெட்டி ஒட்டி, சுவரில் மாட்டி இரண்டு நாள் பாருங்கள். சோபாவுக்கு மேலே என்றால் சோபாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு பொருத்தமாக இருக்கும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 சென்டிமீட்டர் உயரத்தில் வந்தால் நின்று பார்ப்பவருக்குக் கண் மட்டத்தில் அமையும். "பெரிசா ஒண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், கேன்வாஸ் வந்த பிறகு இரண்டு பேருக்கும் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

உருவப்படம் என்றால் புகைப்படத்தில் பாதி வேலை இருக்கிறது. ஜன்னலோரம் உட்காரவைத்து, ஒரு பக்க வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் எடுங்கள். பிளாஷ் நேராக முகத்தில் அடித்தால் மூக்கு, கன்னம், தாடையின் நிழல்கள் எல்லாம் அழிந்து முகம் தட்டையாகிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கித்தான் போய்ச் சேரும். இமை முடியும் நரைக் கோடுகளும் அதில் கூழாகிவிடும். அதையே டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், மூலக் கோப்பு அப்படியே போகும்.

முன்பணம் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கொடுப்பது பரவலான வழக்கம். பொருட்களை அதில்தான் வாங்குவார். பிறகு உள்ளங்கை அளவில் இரண்டு மூன்று மாதிரி ஓவியங்கள் கேளுங்கள். மாற்றம் எதுவானாலும் அந்தக் கட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். "இந்த மரத்தைக் கொஞ்சம் தள்ளி வைங்க" என்று கடைசியில் சொல்வது ஏன் கஷ்டம் என்றால், எண்ணெய் வண்ணம் வருடங்கள் போகப்போக ஒளி ஊடுருவும் தன்மை பெறும். மேலே பூசி மறைத்த மரம் பின்னாளில் நிழல்போல எட்டிப் பார்க்கும். அது வராமலிருக்க அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும்.

கெடுதான் பெரும்பாலானவர்கள் தவறும் இடம். கேன்வாஸில் ஜெஸ்ஸோவை, அதாவது வண்ணத்துக்கு முன் போடும் வெள்ளை அடிப்பூச்சை, இரண்டு மூன்று முறை பூசி, ஒவ்வொன்றும் காய்ந்ததும் உப்புத்தாள் தேய்க்க வேண்டும். அக்ரிலிக் ஜெஸ்ஸோவின் மேல் எண்ணெய் வண்ணம் போட மூன்று நாளாவது விடுவது நல்லது. அதன்பிறகு வண்ணம். எண்ணெய் வண்ணம், ஈரத்துணி உலர்வதுபோல் உலர்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகுகிறது. நிறத்துக்கு நிறம் வேகமும் மாறும். அம்பர் எனும் மண் பழுப்பு நிறங்களில் மாங்கனீசு இருப்பதால் ஓரிரு நாளில் தொட்டுப் பார்க்கும் பதம் வந்துவிடும். ஐவரி கறுப்பு ஒரு வாரம் கழித்தும் விரலில் ஒட்டும். மெதுவாகக் காயும் அடுக்கின்மேல் சீக்கிரம் காய்வதைப் போட்டால் மேல்தோல் இறுகிய பிறகும் அடியில் அசைவு இருக்கும், வெடிப்பு விழும். எண்ணெய் கூடக்கூட வண்ணம் மெதுவாகக் காயும்; அதனால்தான் எண்ணெய் குறைந்த அடுக்கு கீழே, கூடியது மேலே என்று வைப்பார்கள். இடையில் காத்திருக்கும் நாட்கள் சோம்பல் நாட்கள் இல்லை.

இரண்டு வாரத்தில் வேண்டும் என்றால் எண்ணெய்க்குப் பதில் அக்ரிலிக், அதாவது தண்ணீரில் கலக்கும் பிளாஸ்டிக் வகை வண்ணம், கேளுங்கள். மெல்லிய பூச்சு அரை மணியில் காய்ந்துவிடும். ஆனால் சூட்டில் அது இளகும். குமிழித்தாளின் குமிழிப் பக்கம் படத்தில் படும்படி சுற்றி, வெயிலில் நின்ற வண்டியில் ஏற்றினால், பிரிக்கும்போது வானம் முழுக்க வட்டம் வட்டமாக அச்சு பதிந்திருக்கும். முதலில் சிலிகான் பூசிய ஒட்டாத் தாள், அதன்மேல் குமிழித்தாள், குமிழிப் பக்கம் வெளியே. கேன்வாஸைச் சுருட்டியே ஆக வேண்டுமென்றால் வண்ணப் பக்கம் வெளியே இருக்கட்டும். குழாய் 15 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறையக் கூடாது.

பட்ஜெட் இடிக்கிறதா? "குறைச்சுக் குடுங்க" என்று கேட்பதைவிட அளவைக் குறையுங்கள். 60க்கு 90 சென்டிமீட்டர் என்பது 5400 சதுர சென்டிமீட்டர். 40க்கு 60 என்பது 2400 தான். பரப்பைக் கணக்கிட்டு விலை சொல்லும் ஓவியர்கள் பலர் இருப்பதால் விலை பாதிக்கும் கீழே இறங்கும், அவருடைய உழைப்பின் மதிப்பு இறங்காது. தவணை கேட்பதிலும் தப்பில்லை. அல்லது அசலுக்குப் பதில் அச்சுப் பிரதி வாங்குங்கள். 30க்கு 40 சென்டிமீட்டர் பிரதியை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிடக் கோப்பு 3543க்கு 4724 பிக்சல் இருக்க வேண்டும். சாய மையா, பிக்மென்ட் (நிறமித் துகள்) மையா என்று கேளுங்கள். சாய மை பொதுவாகச் சீக்கிரம் வெளுக்கும். பென்சிலில் 5/25 என்று எழுதியிருந்தால், அச்சிட்ட 25 பிரதிகளில் இது ஐந்தாவது என்று பொருள்.

அசலோ பிரதியோ, எந்தப் பொருளில் செய்தது என்று கேட்க வெட்கப்படாதீர்கள். நல்ல ஓவியர் சந்தோஷமாகச் சொல்வார். நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாள் நம்பிக்கையானது. வண்ணக் குழாயின் பின்னால் பிக்மென்ட் எண் இருக்கும். பிபி 29 என்ற அல்ட்ராமரின், பிஒய் 42 என்ற மஞ்சள் காவி எல்லாம் வெளிச்சத்தைத் தாங்கும். பிஆர் 83 என்ற அலிசரின் கிரிம்சன் மெல்லிய பூச்சில் வெளுத்துவிடும். டச்சு ஓவியர் வான்கோ 1888இல் வரைந்த தன் படுக்கையறை ஓவியத்தில் சுவர்கள் வெளிர் ஊதாவாக இருந்தன. அதில் கலந்த சிவப்பு வெளுத்துப்போய் இன்று நீலமாகத் தெரிகின்றன.

உரிமையையும் பேசிவிடுங்கள். படம் உங்களுடையதானால் அதை நாட்காட்டியில், டீ ஷர்ட்டில் அச்சிடும் உரிமையும் சேர்ந்து வந்துவிட்டது என்று பொருளில்லை. சில நாடுகளில், ஆர்டர் கொடுத்து வரைந்த உருவப்படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவருக்கே போய்விடும். வேறு நாடுகளில் ஓவியரிடமே இருக்கும். ஆகவே ஒரு வரியாவது எழுதிக் கையெழுத்திடுங்கள். படத்தை எங்கே பகிர்ந்தாலும் ஓவியர் பெயரைப் போடுங்கள். அதற்குச் செலவே இல்லை.

கேட்ட கேள்விக்கு இது கொஞ்சம் வெளியேதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை: ஃப்ரேம் போடும் இடத்தில் நாசமாகும் படங்கள். எல்லா ஃப்ரேம்காரர்களையும் சொல்லவில்லை, கவனமாகச் செய்பவர்கள் நிறைய பேர் உண்டு. ஆனால் தாள் ஓவியத்தின் நான்கு பக்கமும் செல்லோடேப் ஒட்டிவிடுவது இன்னும் நடக்கிறது. அந்தப் பசை சில வருடங்களில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும், பிறகு எடுக்கவே முடியாது. தாள் ஈரப்பதத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும்; நான்கு பக்கமும் கட்டிப்போட்டால் அலை அலையாக மேடிடும். மேல்விளிம்பில் மட்டும் இரண்டு சிறு கீல்கள், அதாவது படத்தைத் தொங்கவிடும் ஒட்டுப்பட்டைகள், மெல்லிய ஜப்பானியத் தாளில், கோதுமை ஸ்டார்ச் பசையில். அவ்வளவு போதும். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. அதற்குத்தான் படத்தைச் சுற்றி, நடுவில் ஜன்னல்போல வெட்டி வைக்கும் மவுண்ட் அட்டை. வீட்டில் ஏற்கெனவே மாட்டிய படம் இருந்தால் அந்த அட்டையின் சரிவான வெட்டு விளிம்பை உற்றுப் பாருங்கள். வெள்ளையாக இருந்தது பழுப்பேறியிருந்தால் அட்டையில் அமிலம் இருக்கிறது, அது ஓவியத்தையும் எரிக்கும். அமிலமற்ற அட்டையாக மாற்றச் சொல்லுங்கள். கையில் இருக்கும் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஓவியத்தின் ஓரத்தை, கையெழுத்தோடு சேர்த்து வெட்டிவிடுவதும் உண்டு. "வெட்டக் கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும், நேர் வெயில் விழும் சுவரைத் தவிருங்கள். பத்திரம் என்று நினைத்து எண்ணெய் ஓவியத்தைத் துணி சுற்றி அலமாரியில் வைக்கவும் வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும். அப்படி மஞ்சளித்தது வெளிச்சத்தில் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தூசியை மென்மையான, உலர்ந்த தூரிகையால் மட்டும் தட்டுங்கள். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் பளபளக்கும் என்று ஒரு குறிப்பு சுற்றுகிறது, செய்யாதீர்கள்; அதன் மாவும் ஈரமும் படத்தில் தங்கிப் பூஞ்சையை அழைக்கும்.

இன்னொன்று மட்டும் தேதி குறித்து வையுங்கள். எண்ணெய் ஓவியத்துக்கு வழக்கமான வார்னிஷ் (மேலே அடிக்கும் பாதுகாப்புப் பூச்சு), படத்தை முடித்து ஆறு மாதம் முதல் ஒரு வருடம் கழித்துத்தான் அடிக்க வேண்டும். அந்த நாள் வந்ததும் படத்தை ஓவியரிடமே எடுத்துப் போங்கள், அந்தக் கூலியை முதல் ஒப்பந்தத்திலேயே சேர்த்திருங்கள். வார்னிஷின் பெயர், தேதி, பயன்படுத்திய வண்ணங்கள் எல்லாவற்றையும் பின்பக்கக் கட்டையில் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள்; பின்னாளில் படத்தைச் சுத்தம் செய்பவர் முதலில் தேடுவது அதைத்தான்.