பௌர்ணமி அன்று மனிதர்களின் நடத்தை உண்மையிலேயே மாறுகிறதா?

மாறுவதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. தூக்கத்தில் மட்டும் கொஞ்சம் ஏதோ இருக்கலாம்.

கடலையே பொங்க வைக்கும் நிலா, பாதிக்கு மேல் தண்ணீராலான நம் உடம்பை மட்டும் சும்மா விடுமா என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கடல் ஏறி இறங்குவது, நிலாவின் ஈர்ப்பு பூமியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அளவில் இல்லாததால். நடுவில் சுமார் 12,700 கிலோமீட்டர் இருக்கிறதே! தலைக்கும் காலுக்கும் இடையிலான ஆறடியில் அந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. அதோடு, அமாவாசையன்றும் கடல் அதே போலத்தான் பொங்கும். ஈர்ப்புதான் காரணம் என்றால் இரண்டு நாளும் ஒரே விளைவு தெரிய வேண்டும்.

1985-இல் ரோட்டன், கெல்லி என்ற இருவர் 37 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனநல மருத்துவமனைச் சேர்க்கை, குற்றங்கள் போன்றவற்றின் ஏற்ற இறக்கத்தில் நிலாவின் பங்கு 1 சதவீதம்கூட இல்லை.

தூக்கம் வேறு கதை. 2013-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்த ஆய்வில் 33 பேர் பௌர்ணமியையொட்டிச் சுமார் 20 நிமிடம் குறைவாகத் தூங்கினார்கள். பிறகு இன்னும் அதிகம் பேரை வைத்துப் பார்த்த சில ஆய்வுகளில் அது தெரியவில்லை, சிலவற்றில் தெரிந்தது.

பிறகு ஏன் இவ்வளவு பேர் நம்புகிறார்கள்? இரவுப் பணியில் இருக்கும் ஒரு செவிலியரை நினைத்துப் பாருங்கள். நோயாளிகள் வரிசையாக வருகிறார்கள், ஜன்னலில் முழுநிலா. "அதான்!" என்று மனசில் பதிந்துவிடும். பிறைநிலா இரவிலும் அதே கூட்டம் வரும். அன்றைக்கு யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை.