பெரிய எஸ்யூவியில் பில்ட் குவாலிட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? கொடுக்கும் காசுக்கு எது தகும்?

கதவைச் சாத்தினால் 'டப்' என்று கனமாகச் சத்தம் வருகிறது, அதனால் வண்டி கெட்டி என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அதை நம்பி வாங்காதீர்கள். கதவுக்குள் ஒட்டும், அதிர்வைக் குறைக்கும் டாம்பிங் ஷீட்டும் நல்ல ரப்பர் பீடிங்கும் இருந்தாலே அந்தச் சத்தம் வந்துவிடும். வெளித்தகட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதும் வீண்வேலை. பெரும்பாலான கார்களில் அது ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. மோதும்போது ஆளைக் காப்பது உள்ளே இருக்கும் கூடு: கூரையைத் தாங்கும் பில்லர்கள், கதவுக்குள் குறுக்கே ஓடும் பீம், ஹை ஸ்ட்ரெங்த் ஸ்டீல். ஷோரூமில் நின்று அதைப் பார்க்க முடியாது.

ஆகவே க்ராஷ் டெஸ்ட் அறிக்கையை முழுதாகப் படியுங்கள். கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பின் முன்பக்கச் சோதனையில் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், வண்டியின் அகலத்தில் 40 சதவீதம் மட்டும் தடுப்பில் மோதும்படி விடுகிறார்கள். பாடி ஷெல், அதாவது அந்தக் கூடு, நிலையாக நின்றதா இல்லையா என்பதையும் அதில் எழுதுவார்கள். நட்சத்திரங்களைவிட நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். சோதித்த வேரியண்டில் இருந்த ஏர்பேக்குகள் நீங்கள் வாங்கும் வேரியண்டிலும் இருக்கின்றனவா என்பதும் முக்கியம்.

மூன்று வரிசை வண்டி என்றால் கடைசி வரிசையில் நீங்களே போய் உட்காருங்கள். முழங்கால் நெஞ்சை நோக்கி ஏறுகிறதா? தலைக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே எவ்வளவு இடம்? பக்கவாட்டு ஜன்னலை மறைத்து விரியும் கர்ட்டன் ஏர்பேக் அந்த வரிசை வரை நீள்கிறதா? பெரும்பாலும் அங்கே உட்காரப் போவது குழந்தைகள். இதைக் கேட்காமல் சன்ரூஃபைக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஏணி போன்ற தனிச் சட்டத்தின் மேல் பாடியைப் பொருத்தும் லேடர் ஃப்ரேம் என்றாலே பலம் என்பதும் தவறு. கரடுமுரடான பாதைக்கும் டிரெய்லர் இழுக்கவும் அது அருமையானது. நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போக மட்டும் என்றால், அந்தக் கூடுதல் எடைக்கு டீசலிலும் டயரிலும் பிரேக்கிலும் காசு கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள். பாடியும் சட்டமும் ஒன்றாகவே அமைந்த நல்ல மோனோகாக் போதும்.

காசு விஷயத்தில் என் கருத்து: பாதுகாப்பு அம்சங்கள் எல்லாம் உள்ள நடு வேரியண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டாப் வேரியண்டின் பெரிய அலாய் வீலுக்கு டயர் விலை அதிகம், பக்கவாட்டு ரப்பர் குறைவு, பள்ளத்தில் விழுந்தால் ரிம் அடிவாங்கும். புக் செய்வதற்கு முன்பே ஒரு டயர், ஒரு ஹெட்லைட், ஒரு செட் பிரேக் பேட் என்ன விலை என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

டெஸ்ட் டிரைவில் பாட்டையும் ஏசியையும் அணைத்துவிட்டு மோசமான ரோட்டில் ஓட்டுங்கள். டேஷ்போர்டும் பின் சீட்டுகளும் கடகடவென்று ஆடினால் கேட்டுவிடும்.

முடிந்தால் அதே மாடலில் நாலைந்து வருடம் ஓடிய வண்டி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். டிரைவர் சீட்டின் ஓரம் நைந்திருக்கிறதா, கதவு கீல் தொய்ந்திருக்கிறதா, டிக்கிக் கதவின் கீழ் விளிம்பில் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். புது வண்டியை எவ்வளவு நேரம் சுற்றிப் பார்த்தாலும் இவையெல்லாம் தெரியாது.