ஃபார்மட் செய்யச் சொல்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்! - லினக்ஸ் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: "கடையில் ஃபார்மட் பண்ணணும்னு சொல்லிட்டாங்க." திண்டுக்கல்லில் பழுதுபார்க்கும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பல வருடங்களாக லேப்டாப்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். லினக்ஸ் லேப்டாப் ஒன்றை அழித்துவிட்டு முதலிலிருந்து போடவேண்டிய நிலை அபூர்வமாகத்தான் வரும். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். கோடும் இடைவெளியும் அப்படியே இருக்க வேண்டும். 'சூடோ' என்று தொடங்கும் கட்டளை நிர்வாகி அதிகாரத்தோடு ஓடும்.

கேள்வி: உபுண்டு 22.04 வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் திரை ஒரு நொடி கறுத்து, மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கும் இடத்துக்கே வந்து நிற்கிறது. தவறான பாஸ்வேர்டு கொடுத்தால் மட்டும் தவறு என்று சொல்கிறது. எட்டு வருடப் பாடக் குறிப்புகள் உள்ளே இருக்கின்றன. பயமாக இருக்கிறது.
- ஓய்வுபெற்ற ஆசிரியை, தேனி

பதில்: டீச்சர், நீங்கள் எழுதிய அந்த மூன்றாவது வரியிலேயே பாதி விடை இருக்கிறது. தவறான பாஸ்வேர்டைத் தவறு என்று சொல்கிறது என்றால், சரியானதை அது ஏற்றுக்கொள்கிறது. உள்ளே விட்ட பிறகு உங்கள் முகப்புத் திரையைத் தொடங்க முடியாமல் திரும்பி வந்துவிடுகிறது. உங்கள் குறிப்புகளுக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது.

பாஸ்வேர்டு கேட்கும் திரையிலேயே கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும். அங்கே பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து உள்ளே போங்கள். பாஸ்வேர்டு தட்டும்போது திரையில் புள்ளிகூட விழாது, அது இயல்புதான். பிறகு "டிஎஃப் -எச்" என்று தட்டுங்கள். வரும் பட்டியலில், வலது ஓரம் வெறும் சாய்கோடு மட்டும் இருக்கும் வரியைப் பாருங்கள். அதில் 100% என்று இருந்தால் நோய் தெரிந்துவிட்டது: டிஸ்க் நிரம்பிவிட்டது. முகப்புத் திரை தொடங்கும்போது உங்கள் கோப்புறையில் சில சிறிய கோப்புகளை எழுதியாக வேண்டும். எழுத இடமில்லாததால் வெளியே தள்ளிவிடுகிறது.

இடத்தை எது தின்றது என்று பார்க்க "சூடோ டியூ -எக்ஸ்எச் -டி 1 /" என்று தட்டுங்கள். 'வார்' என்ற கோப்புறை பெரிதாக இருந்தால் அதற்குள் 'லாக்', 'கேஷ்' இரண்டையும் சந்தேகப்படுங்கள். "சூடோ ஆப்ட் கிளீன்" என்று கொடுத்தால், அப்டேட்டுக்காக இறக்கி வைத்த பழைய கோப்புகள் போகும். "சூடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்" என்று கொடுத்தால், கணினி தன் நடப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடு 200 எம்பிக்குச் சுருங்கும். இதில் அந்த 'எம்' மட்டும் பெரிய எழுத்து. கணினியின் நிலையை நகலெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் போட்டிருக்கிறீர்களா? அதன் பழைய நகல்கள் இதே டிஸ்க்கில் குவிந்திருந்தால் அவையும் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

போன மழைக்காலத்தில் ஒரு வக்கீலின் லேப்டாப் இதே குறையோடு வந்தது. அதிலும் கடைக்காரர் ஃபார்மட்தான் சொல்லியிருந்தார். உள்ளே போய்ப் பார்த்தால் 'சிஸ்லாக்', 'கெர்ன்.லாக்' என்ற இரண்டு பதிவுக் கோப்புகள் மட்டும் 90 ஜிபிக்கு மேல் வீங்கியிருந்தன. கடைசி சில வரிகளைத் திறந்து படித்தேன். ஒரே செய்திதான் விநாடிக்குப் பல முறை விழுந்திருந்தது. வைஃபை கார்டைக் கணினியோடு இணைக்கும் பிசிஐ பாதையில் ஒரு சின்னத் தவறு, உடனே சரிசெய்யப்பட்டது. மறுபடியும் தவறு, மறுபடியும் சரிசெய்யப்பட்டது. மாதக்கணக்கில் இதையே எழுதி எழுதி டிஸ்க்கை நிரப்பியிருக்கிறது. அந்தப் பாதையின் மின்சேமிப்புதான் காரணம். லினக்ஸைத் தொடக்கிவைக்கும் கிரப் நிரலின் அமைப்பில் "பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்" என்று ஒரு சொல் சேர்த்து, "சூடோ அப்டேட்-கிரப்" கொடுத்து மறுபடி தொடங்கினேன். செய்தி நின்றது. வக்கீலின் ஒரு கோப்புகூடத் தொலையவில்லை.

அப்படிப்பட்ட பெரிய பதிவுக் கோப்பு உங்களிடமும் இருந்தால், அதை டெலிட் செய்யாதீர்கள். பதிவு எழுதும் நிரல் அதைத் திறந்தே வைத்திருப்பதால், பெயர் மறைந்தாலும் இடம் உடனே திரும்பக் கிடைக்காது. "சூடோ ட்ரங்கேட் -எஸ் 0" என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டுக் கோப்பின் முழு முகவரியைக் கொடுத்தால் கோப்பு அங்கேயே இருக்கும், உள்ளே மட்டும் காலியாகும். காலி செய்வதற்கு முன்னால் கடைசி இருபது வரிகளையாவது படித்துவிடுங்கள். நோய் என்னவென்று அங்கேதான் எழுதியிருக்கும்.

டிஸ்க் நிரம்பவில்லை என்றால் இன்னொரு வாய்ப்பு உண்டு. உங்கள் கோப்புறையில் 'எக்ஸ்அதாரிட்டி' என்று புள்ளியில் தொடங்கும் கோப்பு ஒன்று, எப்போதோ சூடோ போட்டுத் திரை நிரலைத் திறந்ததால், ரூட், அதாவது நிர்வாகி பெயருக்கு மாறியிருக்கலாம். அப்போதும் முகப்புத் திரையால் அதில் எழுத முடியாது. "எல்எஸ் -எல்ஏ" கொடுத்தால் அது யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். ரூட் என்றிருந்தால் "சூடோ சோன்" (சிஎச்ஓடபிள்யூஎன்) என்று தட்டி, இடைவெளி விட்டுப் பயனர் பெயரையும், மறுபடி இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரையும் (முதல் புள்ளியோடு, எக்ஸ் மட்டும் பெரிய எழுத்தில்) கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டுமே கைகொடுக்காவிட்டாலும் கலங்க வேண்டாம். உபுண்டு ஏற்றிய பென் டிரைவில் தொடங்கி, 'ட்ரை உபுண்டு' என்பதைத் தேர்ந்தெடுத்துக் குறிப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடலாம். நிறுவும்போது டிஸ்க்கைப் பூட்டியிருந்தால் அந்தப் பாஸ்வேர்டு மட்டும் வேண்டும்.

கேள்வி: என் மடிக்கணினியில் விண்டோஸும் லினக்ஸ் மின்டும் இருக்கின்றன. மின்டிலிருந்து விண்டோஸுக்குப் போனால் நேரம் பிழையாகக் காட்டுகிறது. ஐந்தரை மணித்தியாலம் பின்னுக்கு நிற்கிறது. அதோடு விண்டோஸின் டி டிரைவைத் திறந்து பார்க்க முடிகிறது, எதையும் சேமிக்க முடியவில்லை.
- பல்கலைக்கழக மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: தம்பி, அந்த ஐந்தரை மணி நேரமே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள இடைவெளி அதுதான். போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. மின்டில் "டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1" என்று கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும். இப்படி வைக்காதே என்று மின்ட் எச்சரிக்கும். கோடைக்கும் குளிருக்கும் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் அந்த எச்சரிக்கைக்குப் பொருள் உண்டு. நம் இரண்டு நாடுகளிலும் அந்த வழக்கம் இல்லை.

டி டிரைவ் விஷயம் வேறு. விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் போவதுதான் காரணம். அங்கே பவர் அமைப்புகளில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதை எடுத்துவிட்டு, ஒருமுறை முழுதாக அணைத்துவிட்டு வாருங்கள். அதை எடுக்காமல் லினக்ஸிலிருந்து வலுக்கட்டாயமாக எழுத வைக்கும் குறுக்குவழிகளை யாராவது சொல்லித் தந்தால் செய்ய வேண்டாம். கோப்புகள் சிதையும்.

கேள்வி: எந்த லினக்ஸ் சிறந்தது?
- வாசகர், கரூர்

பதில்: உங்கள் ஊரில், கூப்பிட்டால் வந்து உதவக்கூடிய ஒருவர் எதைப் பயன்படுத்துகிறாரோ அது.

கேள்வி: அச்சகம் வைத்திருக்கிறேன். புது உபுண்டு போட்ட பிறகு தமிழ்99 தட்டச்சு கெட்டுவிட்டது. 'அம்மா' என்று தட்டினால் 'அமமா' என்று வருகிறது, புள்ளி தானாக விழவில்லை.
- அச்சக உரிமையாளர், சிவகாசி

பதில்: ஐயா, உங்கள் விசைப்பலகையும் கெடவில்லை, உபுண்டுவும் கெடவில்லை. ஒரே மாதிரிப் பெயரில் பட்டியலில் இரண்டு மூன்று இருக்கின்றன, நீங்கள் வேறொன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு வந்த தமிழ்99-ன் அழகே அந்தத் தானியங்கிப் புள்ளிதான். ம இரண்டு முறை தட்டி ஆ தட்டினால் ம்மா. ந தட்டி த தட்டினால் ந்த. இந்த விதிகளைப் புரிந்துகொள்ள விசைகளுக்குப் பின்னால் ஒரு நிரல் வேண்டும். 'தமிழ்நெட் 99' என்று வெறுமனே வரும் அமைப்பு, எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை மட்டும்தான். அது முன்பின் பார்க்காது.

"சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஐபஸ்-எம்17என்" என்று தட்டி நிறுவுங்கள். வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். அமைப்புகளில் விசைப்பலகை, உள்ளீட்டு மூலங்கள், அதில் தமிழ் என்று போனால், பெயரின் பின்னால் எம்17என் என்று எழுதிய தமிழ்99 இருக்கும். அதை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடுங்கள். 'டேப்' என்று குறிப்பிட்டிருப்பது பழைய எழுத்துருக் குறியீட்டுக்கானது. அதை வைத்துக்கொண்டு தட்டினால், தட்டுவதெல்லாம் புரியாத எழுத்தாகிவிடும்.

கேள்வி: லினக்ஸில் வைரஸ் வராது என்கிறார்கள். உண்மையா?
- வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: வரவே வராது என்று சொன்னால் அது பொய். 2024 மார்ச் கடைசியில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு ஒரு பின்கதவு வைத்திருந்தது வெளியே வந்தது. தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக இழுக்கிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால்தான் பிடிபட்டது. டெபியன் என்ற லினக்ஸின் நிலையான பதிப்பை அது எட்டவில்லை. அந்த அரை நொடியை அலட்சியப்படுத்தாத மனிதரை நினைத்தால் இன்றும் மரியாதை வருகிறது.

வீட்டு லேப்டாப்புக்குத் தனியாக ஆன்டிவைரஸ் வாங்க வேண்டாம். வாரம் ஒருமுறை அப்டேட் செய்யுங்கள். மென்பொருளை அந்தந்த லினக்ஸின் களஞ்சியத்திலிருந்து மட்டும் எடுங்கள். எங்கோ பார்த்த சூடோ கட்டளையை, என்ன செய்கிறது என்று தெரியாமல் ஒட்டாதீர்கள். என் மேசைக்கு வரும் பெரிய சேதங்கள் அப்படித்தான் வருகின்றன.

கேள்வி: பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப். 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் இல்லை என்றதால் மின்ட் போட்டேன். பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்தால் மவுஸ்கூட அசையாமல் உறைந்துவிடுகிறது. பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்கிறேன்.
- போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண், வேலூர்

பதில்: 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு இப்படி மின்டுக்கு மாறியவர்கள் நிறையப் பேர் எழுதுகிறார்கள். அந்த அரசு லேப்டாப்கள் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. நான் முதன்முதலாக லினக்ஸைத் தொட்டதே அப்படி ஒன்றில்தான், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸில். உங்களுடையதை எளிதாகக் கைவிட்டுவிடாதீர்கள்.

ரேம் நிரம்பியதும், லினக்ஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ளுகிறது. சுழலும் பழைய டிஸ்க் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் இசட்ரேம்-டூல்ஸ்" என்று கொடுத்தால், தள்ளவேண்டியதைச் சுருக்கி ரேமுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். காசு கொஞ்சம் சேர்ந்தால், ரேமைக் கூட்டுவதற்கு முன்னால், பழைய டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற சுழலாத வேகமான டிஸ்க்கைப் போடுங்கள். ஒரு முறை மாற்றினால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

பட்டனை அழுத்திப் பிடிப்பதை நிறுத்துங்கள், கோப்புகளுக்கு ஆகாது. ஆல்ட் விசையையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்தபடி எஸ், யு, பி மூன்றையும் இரண்டிரண்டு நொடி இடைவெளியில் தட்டுங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் விசையையும் சேர்க்க வேண்டும். எஸ் எழுதவேண்டியதை எழுதி முடிக்கும், யு டிஸ்க்கைப் பாதுகாப்பாகப் பூட்டும், பி மறுபடி தொடங்கும். எஃப் தட்டினால் அதிக ரேம் தின்னும் நிரல் மட்டும் சாகும், லேப்டாப்பை அணைக்கவே வேண்டாம். ஆனால் மின்டும் சேர்ந்த உபுண்டு குடும்பத்தில் அந்த எஃப்-ஐ மட்டும் பூட்டி வைத்திருக்கிறார்கள். 'ஈடிசி' கோப்புறைக்குள் இருக்கும் 'சிஸ்சிடிஎல்.டி' கோப்புறையில், பெயரில் மேஜிக்-சிஸ்ஆர்க்யூ என்றிருக்கும் கோப்பில் 176 என்றிருப்பதை 240 என்று மாற்றி மறுபடி தொடங்கினால் திறந்துகொள்ளும்.

கேள்வி: அப்பா போன வருடம் தவறிவிட்டார். அவர் படங்கள் எல்லாம் பழைய லேப்டாப்பில்தான். இப்போது தொடங்கும்போது 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று வந்து நிற்கிறது. டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வருகிறது. 'எஃப்எஸ்சிகே' போட்டால் சரியாகும் என்கிறார்கள். போடலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: போடாதீர்கள், சகோதரி. இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் மற்றதையெல்லாம் வைத்துவிட்டு உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

எஃப்எஸ்சிகே என்பது டிஸ்க்கில் கோப்புகளின் ஒழுங்கு குலைந்திருந்தால் அதைத் திருத்தும் கட்டளை. சத்தம் வராத, நல்ல டிஸ்க்கில் அந்தத் திரை வந்தால் அது சரியான மருந்து. மின்சாரம் போய்த் திடீரென்று அணைந்தால் அப்படி வருவதுண்டு. ஆனால் தட்டும் சத்தம் வருகிறது என்றால் டிஸ்க்கே உடல்நலம் கெட்டுக் கிடக்கிறது. எஃப்எஸ்சிகே அதைத் திருத்தி எழுதப் பார்க்கும். படிக்க முடிகிற இடங்களும் அதில் போய்விடலாம். முதலில் லேப்டாப்பை அணையுங்கள். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதன் மிச்ச ஆயுள் குறைகிறது.

பழைய டிஸ்க்கைவிடப் பெரிய வெளி டிஸ்க் ஒன்றும், உபுண்டு ஏற்றிய பென் டிரைவும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளி டிஸ்க் ஃபேட்32 வடிவில் இருக்கக் கூடாது, 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு அதில் போகாது. பென் டிரைவில் தொடங்கி, "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஜிடிடிரெஸ்க்யூ" என்று நிறுவுங்கள். நிறுவும் பெயரில்தான் முன்னால் ஜி, கட்டளையின் பெயர் வெறும் 'டிடிரெஸ்க்யூ'. "எல்எஸ்பிஎல்கே" கொடுத்து, எது பழையது எது புதியது என்று அளவைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் மாறினால் படங்கள் அழிந்துவிடும்.

டிஸ்க் முழுவதையும் நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ, நன்றாக இருக்கும் இடங்களை முதலில் வாரிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களைத் தள்ளி வைத்துவிட்டுப் போகும். முதல் சுற்றில் '-என்' சேர்த்தால் கெட்ட இடங்களைச் சுரண்டாது. எதுவரை வந்தது என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும், அதற்கும் ஒரு பெயர் கொடுங்கள். அப்போதுதான் நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அடுத்த சுற்றில் '-ஆர்3' கொடுத்தால், கிடைக்காத இடங்களை மட்டும் மூன்று முறை முயலும். ஒரு நாள் முழுக்க ஓடினாலும் ஓடட்டும், அருகில் ஒரு மின்விசிறி மட்டும் வையுங்கள். அதற்குப் பிறகு செய்யும் எதையும், எஃப்எஸ்சிகே உட்பட, அந்த நகலில் செய்யுங்கள்.

டிஸ்க்கை லினக்ஸே கண்டுகொள்ளவில்லை என்றால் வீட்டில் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம், திறந்து பார்க்கவும் வேண்டாம். டேட்டா மீட்பு மட்டுமே செய்யும் இடத்துக்கு அப்படியே கொடுங்கள். முதல் சுற்று முடிந்ததும் திரையில் 'பிசிடி ரெஸ்க்யூட்' என்பதற்கு நேரே எத்தனை சதவீதம் என்று வரும். அதைக் குறித்து எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்வது என்று பார்ப்போம்.