நாய்க்கடிக் கணக்கு: மனுவில் எந்த எண்ணைப் போடுவது?

கேள்வி: தாம்பரம் பக்கம் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் சார்பில் தெருநாய்த் தொல்லை பற்றி மாநகராட்சிக்கு மனு எழுதுகிறோம். 2024-இல் நாடு முழுக்க 37 லட்சம் நாய்க்கடி, 54 மரணம் என்று ஓரிடத்தில் படித்தோம். இன்னோரிடத்தில் வருஷத்துக்கு 20,000 பேர் சாகிறார்கள் என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டுமே கற்பனை எண்கள் அல்ல. எண்ணியவர்களும் எண்ணிய முறையும்தான் வேறு.

37 லட்சம் (சரியாகச் சொன்னால் 37,17,336) என்பது மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு. மாநிலங்களின் மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் நோய்க் கண்காணிப்புத் திட்டத்துக்கு அனுப்பும் அறிக்கைகளின் கூட்டுத்தொகை அது. அதாவது, கடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, பதிவேட்டில் ஏறியவர்கள். மஞ்சளை அப்பிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டவர் அதில் இல்லை. 2022-இல் இதே கணக்கு சுமார் 21.9 லட்சம். இரண்டு வருஷத்தில் 70 சதவீத ஏற்றம். நாய்கள் பெருகியது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஊசி போட வருகிறவர்கள் கூடினாலும், அறிக்கை ஒழுங்காகப் போகத் தொடங்கினாலும் இந்த எண் ஏறத்தான் செய்யும். ஆகவே 'நாய்க்கடி 70 சதவீதம் அதிகரித்துவிட்டது' என்று மனுவில் எழுதாதீர்கள். விவரம் தெரிந்த அதிகாரி அந்த ஒரு வரியை வைத்தே மனுவை ஓரங்கட்டிவிடுவார்.

54 என்பது 'ரேபிஸ் (வெறிநோய்) எனச் சந்தேகிக்கப்படும் மரணம்'. அதே 2024-இல் தமிழகப் பொதுச் சுகாதாரத் துறை நம் மாநிலத்துக்கு மட்டும் சொன்ன எண்ணிக்கை 43. அப்படியானால் மீதி இந்தியா முழுவதும் சேர்த்துப் பதினொரு பேர்தானா? உத்தரப் பிரதேசமும் பீகாரும் இருக்கிற நாட்டில் இதை யாரும் நம்பமாட்டார்கள். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிது என்பதால், பல குடும்பங்கள் நோயாளியை வீட்டுக்கே கூட்டிப் போய்விடுகின்றன. ஆய்வகத்தில் உறுதி செய்வதும் குறைவு. நாட்டில் பதிவாகும் மரணங்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்றுக்குத்தான் மருத்துவர் சான்றளித்த காரணம் இருக்கிறது. எண்ணுகிற மாநிலத்தில் எண் பெரிதாகத் தெரியும். எண்ணாத மாநிலம் நல்ல பெயர் வாங்கிக்கொள்ளும்.

20,000 என்பது 2003-இல் வீடு வீடாக நடந்த கணக்கெடுப்பிலிருந்து வந்த மதிப்பீடு. உலக சுகாதார நிறுவனமும் 18,000 முதல் 20,000 என்றே சொல்லி வந்தது. பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2022–23-இல் 15 மாநிலங்களில் ஏறக்குறைய 79 ஆயிரம் வீடுகளில் விசாரித்து, ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் விலங்குக்கடிகள் (முக்கால்வாசி நாய்), 5,726 ரேபிஸ் மரணங்கள் என்று கணித்தது. இதுவும் மதிப்பீடுதான், ஆனால் புதியது. நாடு தழுவிய ஓர் எண் கட்டாயம் வேண்டுமென்றால் இதைப் போடுங்கள், 'மதிப்பீடு' என்ற சொல்லோடு.

செய்யக்கூடாத ஒன்று: 37 லட்சத்தை 54-ஆல் வகுப்பது. ஏறக்குறைய 69 ஆயிரம் கடிக்கு ஒரு சாவு என்று வரும். அந்தக் கணக்கை நம்பி 'சின்னக் கீறல்தானே' என்று ஊசியை விட்டவர்களும் உண்டு. 37 லட்சம் பேர் சிகிச்சைக்கு வந்தவர்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் வராதவர்கள், அல்லது ஊசியைப் பாதியில் விட்டவர்கள். இருவரையும் ஒரே கணக்கில் போட முடியாது. நாய்கள் குதறியே இறந்த குழந்தை இந்த 54-இல் வராது என்பதையும் கவனியுங்கள். சர்வதேச நோய்க் குறியீட்டில் அதற்கு 'டபிள்யூ 54' (நாய் கடித்த காயம்) என்று தனிக் குறி, ரேபிஸுக்கு 'ஏ 82' என்று வேறு குறி. அமெரிக்காவில் 2021-இல் நாய் கடித்து 81 பேர் இறந்தார்கள் என்ற செய்தி காயத்தால் வந்த சாவைச் சொல்கிறது. அதை நம் 54 ரேபிஸ் மரணங்களுடன் ஒப்பிட்டுச் சிலர் சண்டை போடுகிறார்கள், வீண் வேலை.

இவ்வளவும் சொன்ன பிறகு, மாநகராட்சியை அசைக்கப் போவது டெல்லி எண் அல்ல, உங்கள் பகுதி எண்தான். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். 'நாய்க்கடி எவ்வளவு?' என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையாகத்தான் பதில் வரும். புதிதாக வந்தவர்கள் மாதவாரியாக எத்தனை பேர் என்று கேளுங்கள். தோலுக்குள் போடும் முறையில் ஒருவருக்கே 0, 3, 7, 28-ஆம் நாட்களில் நான்கு தடவை ஊசி. வருகையை எண்ணினால் ஒரே ஆள் நான்கு பேராகிவிடுவார். புதிதாக வந்தவர்களில் 15 வயதுக்குட்பட்டோர் எத்தனை, மூன்றாம் வகைக் கடி (தோல் கிழிந்து ரத்தம் வந்தது) எத்தனை, அவர்களில் இம்யூனோகுளோபுலின் (காயத்தில் போடும் எதிர்ப்புச் சக்தி மருந்து) பெற்றவர்கள் எத்தனை என்பதையும் சேருங்கள். புதிதாகத் தொகுத்துத் தர அவர்களுக்குக் கட்டாயமில்லை. அதனால் இருக்கிற மாதாந்திர அறிக்கையின் நகலையும், பெயர் மறைத்துப் பதிவேட்டைப் பார்வையிடும் அனுமதியையும் கேட்பது நல்லது.

மாநகராட்சியிடம் தனியாக ஒரு மனு: வார்டுவாரியாகக் கருத்தடை செய்த நாய்கள் எத்தனை, வெறிநோய்த் தடுப்பூசி போட்டவை எத்தனை. 'நாய்களை அப்புறப்படுத்து' என்று மட்டும் எழுதினால், 2023-ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளைக் காட்டி, கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்பார்கள். கல்வி நிலையம், மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் ஆகியவற்றுக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7-இல் வேறு உத்தரவு போட்டது. அங்கே பிடித்ததை அங்கேயே திரும்ப விடக்கூடாது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் கடிபட்டவர் வீட்டு விலாசம் இருந்தாலும், கடித்த இடம் பல நேரம் இருக்காது. அதை உங்கள் சங்கமே குறித்துவையுங்கள்: தேதி, எந்தத் தெரு முனை, பள்ளி வாசலா, வளர்ப்பு நாயா தெருநாயா. கூடவே ஓ.பி. சீட்டின் நகல் ஒன்றை, உரியவர் சம்மதத்தோடு இணைத்துவிடுங்கள்.