பூ தங்கினால் யார் தலையில்?

அண்ணனுக்கு வணக்கம்.

உங்கள் தளத்தைக் கல்லூரி நாளிலிருந்து படிக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் மல்லிகை இருக்கிறது. அப்பா பல வருஷமாக மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரே கமிஷன் கடைக்குத்தான் பூப் போடுகிறார். நூற்றுக்குப் பத்து கமிஷன். எடையில் கழிவு தனி. அந்தக் கடைக்காரரிடம் ஒரு லட்சம் முன்பணமும் வாங்கியிருக்கிறார்.

நான் சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறேன். விவசாயியையும் வாங்குபவரையும் நேரடியாக இணைக்கிற ஒரு ஆப் செய்யலாம் என்று நண்பர்கள் மூன்று பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். நாளைய விலையை ஏஐ வைத்துக் கணித்துச் சொல்லும் வசதியும் அதில் வரும். எங்களுக்கு ஐந்து சதவீதம் போதும். அப்பாவிடம் சொன்னால் சிரிக்கிறார். இணையம் வந்து இத்தனை வருஷம் ஆகியும் நடுவில் இருப்பவரை ஏன் ஒழிக்க முடியவில்லை? வேலையை விட்டுவிட்டு இதில் முழுசாக இறங்கலாமா?

என் பெயரைப் போட வேண்டாம். கடைக்காரர் வீட்டுப் பையனும் உங்களைப் படிக்கிறான்.

கே.

அன்புள்ள தம்பி,

அப்பா ஏன் சிரித்தார் என்று அவரிடமே கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. ஆப்பை எழுத ஆரம்பிக்கும் முன் அதைக் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அவரிடம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மீதிப் பாதியை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் பக்க நியாயம். 1997 ஜனவரி 14, வட கேரளத்தில் வடகரா கடற்கரை. அன்று மத்தி பிடித்து வந்த 11 மீனவர்களுக்கு வாங்க ஆள் கிடைக்கவில்லை, பிடித்த மீனைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே காலையில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த மற்ற கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் திரும்பியிருக்கிறார்கள். இதைப் பதிவு செய்தவர் ராபர்ட் ஜென்சன் என்கிற பொருளாதார ஆய்வாளர், கட்டுரை வந்தது 2007-இல். 1997-க்கும் 2001-க்கும் இடையில் அந்தக் கரையோரத்துக்குப் படிப்படியாக செல்போன் வந்தது, கடலில் இருந்தபடியே நாலு கரைக்கும் போன் போட்டு விலை கேட்டு, எங்கே ஆள் நிற்கிறதோ அங்கே படகைத் திருப்ப ஆரம்பித்தார்கள். அதற்கு முன் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டு வரை வீணாகிக்கொண்டிருந்த மீன், அப்புறம் வீணாவதே கிட்டத்தட்ட நின்றுபோனது. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்கித் தின்றவருக்கும் விலை 4 சதவீதம் குறைந்தது. இரண்டு பக்கமும் ஆதாயம். நீங்கள் கனவு காண்பது இதைத்தான், கனவில் தப்பில்லை.

ஆனால் இன்னொரு ஆய்வும் இருக்கிறது, அதை ஆப் செய்கிறவர்கள் யாரும் மேடையில் சொல்வதில்லை. மகாராஷ்டிராவில் 100 கிராமங்களை எடுத்துக்கொண்டு, விவசாயிகளின் போனுக்கு மார்க்கெட் விலையும் வானிலையும் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பார்த்தார்கள். மார்செல் ஃபாஃப்ஷாம்ப், பார்ட் மின்டன் இருவரும் செய்து 2012-இல் வெளியிட்டது. செய்தி கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும், கையில் வந்த விலையில் சொல்லும்படி வித்தியாசம் எதுவும் இல்லை.

அதே போன், அதே விலைத் தகவல். அங்கே பலித்தது இங்கே ஏன் பலிக்கவில்லை? ஆய்வாளர்கள் அவர்கள் பாஷையில் காரணம் சொல்வார்கள். நான் புரிந்துகொண்டது இது: விலை தெரிவது ஒன்று, தெரிந்த பிறகு வேறு எதையாவது செய்ய முடிவது இன்னொன்று. கடலில் இருப்பவனுக்கு எந்தக் கரையும் சொந்தமில்லை, சுக்கானைத் திருப்பினால் போதும். உங்கள் அப்பா எங்கே திருப்புவார்?

விலை ரகசியம் என்று ஒன்று மல்லிகையில் இப்போது கிடையாது, தம்பி. காலை வெளிச்சம் வருவதற்குள் மாட்டுத்தாவணி விலை, நிலக்கோட்டை விலை, திண்டுக்கல் விலை மூன்றும் வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுகின்றன. நிலக்கோட்டையில் அன்று கிலோவுக்கு நூறு ரூபாய் கூட என்று அப்பாவுக்கு உங்களுக்கு முன்னாலேயே தெரியும். ஆனாலும் பை மாட்டுத்தாவணிக்குத்தான் போகும், ஒரு லட்சம் அங்கே நிற்கிறதே. மொட்டும் காத்திருக்காது. வெயில் ஏறுவதற்குள் பறித்தாக வேண்டும், சாயங்காலம் விரிந்துவிடும். நெல் மாதிரி மூட்டை கட்டி வைத்து நல்ல விலைக்குக் காத்திருக்கிற வேலை இதில் இல்லை.

சரி, அந்தக் கமிஷன் கடைக்காரர் பத்து ரூபாய்க்கு என்னதான் செய்கிறார்? முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் ஒரு தடவை அப்பாவோடு போய் ஓரமாக நின்று பாருங்கள். பையைப் பிரித்ததும் மேலே இருக்கும் பூவை அவர் பார்ப்பதே இல்லை. முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். மொட்டு திரட்சியா, தண்ணீர் தெளித்து எடை ஏற்றியிருக்கிறதா, நேற்றுத் தங்கிய பூ கலந்திருக்கிறதா, எல்லாம் அந்த ஒரு பிடியில் முடிந்துவிடும். அப்புறம் இது வெளிநாடு போகிற பெட்டிக்கு, இது மாலை கட்டுகிறவருக்கு, இது தெருமுனையில் கட்டி விற்கிற அம்மாவுக்கு என்று பிரிந்து போகும். அந்த அம்மா காசு கொடுத்தா வாங்குகிறார்? கடன்தான். சாயங்காலம் விற்று மறுநாள் கொடுப்பார், மழை பெய்து விற்காவிட்டால் அடுத்த வாரம் கொடுப்பார், சில சமயம் கொடுக்கவே மாட்டார். அது யார் கணக்கில் நிற்கிறது? உங்கள் அப்பாவுக்கு அன்றைக்கே கணக்குச் சிட்டை போட்டாகிவிட்டதே.

கடைக்காரரை நான் நல்லவர் என்று சொல்லவில்லை. எடைக் கழிவு என்பது பகல் கொள்ளைதான், மின்னணுத் தராசு வந்த பிறகும் கழிவு ஏன் போகவில்லை என்பதற்கு யாரிடமும் நேரான பதில் இல்லை. நான் சொல்வது, அவர் செய்கிற வேலைகளில் விலை சொல்வது ஆகச் சின்ன வேலை, உங்கள் ஆப் அதை மட்டும் செய்து கொடுக்கப் பார்க்கிறது என்பதைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் ஒரு பேச்சுக்கு. வருஷத்துக்கு மூன்று லட்சத்துக்குப் பூ விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீதம் கமிஷன் 30,000. முன்பணம் ஒரு லட்சத்துக்கு அவர் வட்டி வாங்குவதில்லை, உங்கள் ஊரில் மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வெளியே வாங்கினால் வருஷத்துக்கு 24,000 ஆகும். அப்படியானால் பூவைப் பிரித்து, விற்று, கடன் வசூலிக்கிற வேலைக்கு அவர் எடுப்பது மீதி 6,000. இரண்டு சதவீதம். நீங்கள் ஐந்து கேட்கிறீர்கள்! அப்பா சிரித்ததற்கு இது காரணமாக இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை.

இதே கணக்கைத் திருப்பியும் போடலாம், அங்கேதான் விஷயம் இருக்கிறது. கிசான் கிரெடிட் கார்டில் மூன்று லட்சம் வரை பயிர்க்கடனுக்கு 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 4. நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. 2025 ஜனவரியிலிருந்து இரண்டு லட்சம் வரை ஈடு இல்லாமல் விவசாயக் கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கியும் வரம்பைக் கூட்டியிருக்கிறது. கடைக்காரரின் ஒரு லட்சம் அங்கிருந்து அடைபட்டுவிட்டால், வருஷத்துக்கு நாலு சதவீத வட்டி என்று வைத்தாலும் 4,000 தான். அதன்பிறகு அவர் எடுக்கும் 30,000 முழுசும் விற்றுக் கொடுக்கிற கூலி என்று வெட்டவெளிச்சமாகிவிடும். அப்போது அப்பா, "பத்து ஜாஸ்திண்ணே, கழிவையாவது விடுங்க" என்று பேசலாம், பேச்சு சரிப்படாவிட்டால் மறுநாள் பையை நிலக்கோட்டை வண்டியில் ஏற்றலாம். வடகரா படகுக்காரனிடம் இருந்த சுக்கான் அப்போதுதான் அவர் கைக்கு வருகிறது. வாட்ஸ்அப்பில் வரும் விலைக்கும் அன்றிலிருந்துதான் மதிப்பு.

இதில் உங்கள் தொழில்நுட்பத்துக்கு வேலை இல்லையா என்றால், நிறைய இருக்கிறது, கொஞ்சம் சலிப்பான வேலை. அப்பா ரொக்கமாக வாங்கி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு வருகிற வரை வங்கி மேலாளருக்கு அவர் ஒரு ஏக்கர் நிலம், அவ்வளவுதான். சிட்டா அடங்கல் நிலத்தைச் சொல்லும், பூ ஓடுகிற ஓட்டத்தைச் சொல்லாது. அதே பணம் யுபிஐ-யில் வங்கிக் கணக்குக்கு வந்தால், இரண்டு வருஷத்தில் அது ஒரு வரவு வரலாறு. 2016-இல் யுபிஐ வந்தபோது எல்லோரும் சில்லறைப் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் பார்த்தார்கள். 2020 ஜனவரியிலிருந்து அதில் கடைக்காரருக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் அது விட்டுப்போகிற தடம்தான் பெரிய விஷயம். தடம் இரண்டு பக்கமும் வெட்டும். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவைப் பார்த்துச் சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதும், பெங்களூரில் பல கடைகள் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி மாட்டின. பூவுக்கு வரி இல்லை என்பதால் அப்பா பயப்பட வேண்டியதில்லை.

ஏஐ விலைக் கணிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்கழிப் பனியில் வரத்து குறைந்தால் விலை ஏறும், தை முகூர்த்தத்தில் இன்னும் ஏறும், கோடையில் வரத்து கொட்டினால் இறங்கும். இதைச் சொல்ல ஏஐ வேண்டாம், உங்கள் பாட்டி போதும். நாளைய விலையை ரூபாய் சுத்தமாகச் சொன்னாலும் மொட்டைச் செடியிலேயே விட்டுவைக்க முடியாது. கணிப்பு உதவக்கூடிய இடம் கவாத்து, அதாவது செடியை வெட்டிவிடுவது. எப்போது வெட்டுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் பூ வருகிறது. ஒரு ஏக்கரையும் ஒரே வாரத்தில் வெட்டாமல் பிரித்து வெட்டினால் வரத்தும் பிரியும். எந்தப் பாத்தியை எப்போது வெட்டலாம் என்று ஒருவர் யோசனை சொன்னால் அதற்குக் காசு கொடுக்கலாம். அதிலும் ஒரு சிக்கல், எல்லோருக்கும் ஒரே யோசனையைச் சொன்னால் எல்லோர் பூவும் ஒன்றாக வந்து நிற்கும்.

இனி நீங்கள் கேட்ட நேர்க் கேள்வி, நடுவில் இருப்பவர் ஏன் ஒழியவில்லை. சாப்பாட்டு ஆப்களைப் பாருங்கள். ஹோட்டலுக்கும் சாப்பிடுகிறவருக்கும் நடுவில் முன்பு யாருமே இல்லை. ஆப் வந்துதான் நடுவாள் வந்தார். 2019 ஆகஸ்டில் தள்ளுபடித் தொல்லை தாங்காமல் பல நகரங்களில் ஹோட்டல்காரர்கள் கூட்டாகச் சில சேவைகளிலிருந்து வெளியேறினார்கள், 2022 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையம் ஸொமாட்டோ, ஸ்விகி மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. மாட்டுத்தாவணியிலாவது அப்பா முகத்துக்கு நேரே "என்னண்ணே இப்படி வெல போட்டுட்டீங்க" என்று கேட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், ஆப்பில் அதற்கும் ஒரு டிக்கெட் எண் கொடுப்பார்கள்.

ஆகவே யார் எந்த ஆப்பைக் கொண்டுவந்து காட்டினாலும் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: சாயங்காலம் பூ தங்கினால் யார் தலையில்? பத்து நிமிஷத்தில் வீட்டுக்கு மல்லிகை என்கிறார்கள், நல்லது, விற்காத பெட்டியை யார் கணக்கில் எழுதுவார்கள் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பாருங்கள். கோடையில் வரத்து கொட்டுகிற நாளில் மார்க்கெட்டில் மிஞ்சுவது சென்ட் ஃபேக்டரிக்குப் போகிறது, கிடைக்கிற விலை பறிப்புக் கூலிக்குக்கூடக் காணாமல் போவதுண்டு. அந்த நாளிலும் உங்கள் ஆப் அப்பாவின் பையை வாங்கிக்கொள்ளுமா? வாங்கும் என்றால் உங்களுக்கு ஐந்து சதவீதம் கட்டாது. வாங்காது என்றால் நல்ல நாளில் மட்டும் வருகிற வியாபாரி நீங்கள், கெட்ட நாளுக்குக் கமிஷன் கடை வேண்டும், அவர் உங்களை நினைவில் வைத்திருப்பார்.

வேலையை விடலாமா என்றால், இப்போதைக்கு வேண்டாம். இந்த லீவில் ஊருக்குப் போகும்போது அப்பாவின் பழைய சிட்டைகளை எடுத்து ஒரு வருஷத்துக்கு எக்செல்லில் ஏற்றுங்கள்: தேதி, எடை, கழிவு, விலை, கமிஷன், அன்று நிலக்கோட்டை விலை தெரிந்தால் அதுவும். சங்கத்தில் மல்லிகைக்கு ஏக்கருக்கு எவ்வளவு கடன் தருகிறார்கள் என்று கேட்டு வையுங்கள். முன்பணம் இல்லாமல் அப்பா விரும்பிய கடைக்குப் போயிருந்தால் அந்த வருஷம் எவ்வளவு கூடக் கிடைத்திருக்கும் என்பது அதில் தெரிந்துவிடும். அந்தத் தொகை ஐந்தாயிரமா ஐம்பதாயிரமா என்று தெரியாமல் மூன்று பேர் வேலையை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கணக்கு வந்ததும் அனுப்புங்கள், ஊர் பெயரையும் எடுத்துவிட்டு இங்கே போடுகிறேன், மற்ற பூ விவசாயிகளும் தங்கள் சிட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.